எத்தனை வோல்ட் கொடுப்பது?

உப்பலில் மெட்ரோ ஏறி செகந்திராபாத் பக்கம் போகிறவர்கள், ஸ்டேடியம் நிலையத்துக்கு அடுத்ததாக என்.ஜி.ஆர்.ஐ. என்று அறிவிப்பதைக் கேட்டிருப்பீர்கள். 1961-ல் தொடங்கிய தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் பெயர் அது. அதே சாலையில் உயிரணுக்களை ஆராயும் சி.சி.எம்.பி. இருக்கிறது. இன்னும் சில கிலோமீட்டர் வடக்கே போனால் 1967-ல் அணுசக்தித் துறை தொடங்கிய இ.சி.ஐ.எல். தொழிற்சாலை. நம்மில் பலர் வீட்டில் ஒரு காலத்தில் பெருமையாக உட்கார்ந்திருந்த இ.சி. டி.வி. அங்கே செய்ததுதான். பாறை, உயிரணு, அணுக் கருவி ஆகிய மூன்றும் மூன்று துறைகள். ஆனால் மூன்றுக்கும் பொதுவாக ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. போட்டோமல்டிப்ளையர் என்று பெயர். ஒளிபெருக்கிக் குழாய் என்று தமிழில் சொல்லலாம். அதற்கு எத்தனை வோல்ட் கொடுப்பது, அது சரிதான் என்று எப்படிச் சோதிப்பது என்பதுதான் இக்கட்டுரையின் விஷயம்.

ரயில்வேயில் சிக்னல் பிரிவில் காலம் கழித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. சென்ற ஆண்டு நம் சங்கக் குடும்பம் ஒன்றில் ஒரு கலவரம். வீட்டுக்கு வந்த விற்பனைப் பிரதிநிதி ஒருவர் கையில் ஒரு கதிர்வீச்சு மீட்டரை வைத்துக்கொண்டு, சமையலறை கிரானைட் மேடையின் மேல் பிடித்துக் காட்டியிருக்கிறார். எண்கள் கிடுகிடுவென ஏறியிருக்கின்றன. மேடையின் மேல் ஒட்டுவதற்குத் தன் கம்பெனியிடம் ஒரு தகடு இருக்கிறது, இத்தனை ஆயிரம் ஆகும் என்றும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்த வீட்டு அம்மாள் எனக்குப் போன் செய்து, "அண்ணா, பேரக் குழந்தை தவழற வீடு. மேடையைப் பெயர்த்து எடுத்துடலாமா?" என்று கேட்டார். குரலில் பயம் தெரிந்தது.

எங்கள் காலனியில் ஒரு நண்பர் இருக்கிறார். அணுக் கருவிகள் செய்யும் இடத்தில் டெக்னீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் போனேன். அவர் கல்லைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அந்த மீட்டருக்கு ஹெச்.வி. யார் செட் செய்தது? எப்போது செய்தது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியின் அர்த்தம் எனக்கு முழுதாகப் புரிய ஒரு மாதம் பிடித்தது. புரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் குழாய். கதிர்வீச்சை அளக்கும் கருவியின் முனையில் சோடியம் அயோடைடு போன்ற ஒரு படிகம் இருக்கும். காமா கதிர் ஒன்று படிகத்தில் பட்டால், கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லிய ஒளி ஒரு கணம் மின்னி மறையும். படிகத்தோடு ஒட்டியபடி நம் கண்ணாடிக் குழாய். அதன் முகப்பில் உட்பக்கமாக ஒரு பூச்சு. ஒளி பட்டால் அந்தப் பூச்சு எலெக்ட்ரானை உதிர்க்கும். ஒன்றிரண்டு எலெக்ட்ரானை வைத்துக்கொண்டு ஒரு கருவியும் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே குழாய்க்குள் டைனோடு என்ற தகடுகளைப் படிக்கட்டு போல அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் முந்தையதைவிடச் சுமார் நூறு வோல்ட் அதிகமாகக் கொடுக்கிறார்கள். முதல் தகட்டில் ஒரு எலெக்ட்ரான் வேகமாக மோதினால் நான்கு தெறிக்கும். அந்த நான்கும் அடுத்த தகட்டில் மோதினால் பதினாறு. இப்படிப் பத்துப் படி இறங்கினால் 10,48,576. ஒன்று பத்து லட்சமாகிவிட்டது. இவ்வளவும் ஒரு விநாடியின் பத்துக் கோடியில் சில பங்கு நேரத்தில் நடந்து முடிகிறது. அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. கம்பெனி 1930-களிலேயே இந்தக் குழாய்களைச் செய்தது. அடிப்படை இன்றும் மாறவில்லை.

பத்துப் படிக்கும் சேர்த்துச் சுமார் ஆயிரம் வோல்ட் ஆகிறது. ஹெச்.வி. என்று நண்பர் சொன்னது இதைத்தான். இந்த ஆயிரத்தில்தான் சூட்சுமம். நம் வீட்டு பல்புக்கு வோல்டேஜ் சற்றுக் குறைந்தால் வெளிச்சம் சற்று மங்கும், அவ்வளவுதான். இங்கே ஒவ்வொரு படியிலும் கூடுதலாகத் தெறிப்பது அடுத்த படியில் பெருகி, அதற்கடுத்த படியில் இன்னும் பெருகும். பத்துப் படிக் குழாயில் பெருக்கம் ஏறக்குறைய வோல்டேஜின் ஏழாவது மடியாக மாறுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் வோல்ட்டை 1100 ஆக்கினால், பத்து சதவீதம்தான் ஏற்றினோம், ஆனால் பெருக்கம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும். ஒரே ஒரு சதவீதம் நழுவினால் விடையில் ஏழு சதவீதம் நழுவும். பத்து வோல்ட் என்பது அலட்சியமாகத் திருப்புகிற விரலுக்குத் தெரியவே தெரியாது.

இன்னொரு சங்கடம். குழாயின் பூச்சு இருட்டிலும் சும்மா இருப்பதில்லை. அறையின் வெப்பத்தாலேயே அவ்வப்போது ஒரு எலெக்ட்ரான் தானாக உதிரும். அதுவும் பத்துப் படி இறங்கி ஒரு துடிப்பாக வெளியே வரும். வோல்டேஜை அதிகமாக ஏற்றினால் இந்தப் பொய்த் துடிப்புகளும் பெருத்து, நிஜத் துடிப்புகளோடு சேர்ந்து எண்ணப்படும். குறைவாக வைத்தாலோ நிஜமான துடிப்புகளே எண்ணும் அளவுக்கு உயராமல் தவறிப்போகும்.

இதை அவர் சொன்னதும் எனக்கு டிராக் சர்க்யூட் நினைவுக்கு வந்தது. தண்டவாளத்தில் வண்டி இருக்கிறதா இல்லையா என்று காட்டுகிற ஏற்பாடு அது. ஒரு முனையில் சில வோல்ட் மின்சாரம் கொடுப்போம், மறுமுனையில் ரிலே. வண்டி வந்தால் சக்கரமும் அச்சும் இரு தண்டவாளத்தையும் இணைத்துவிடும், ரிலே விழும், சிக்னல் சிவப்பாகும். மழைக்காலத்தில் ஜல்லி நனைந்து மின்சாரம் கசியும். அப்போது கொடுத்த மின்சாரம் போதாவிட்டால், வண்டியே இல்லாதபோது ரிலே விழுந்து போக்குவரத்து நிற்கும். அதற்குப் பயந்து தாராளமாகக் கொடுத்துவிட்டால், கோடையில் ஜல்லி காய்ந்திருக்கும்போது வண்டி நிற்கும் தண்டவாளத்தில் ரிலே விழாமல், லைன் காலி என்று சொல்லிவிடும். முதலாவது தொல்லை, இரண்டாவது உயிர்போகும் விஷயம். ஆகவே அரை ஓம் ஷண்ட்டைத் தண்டவாளத்தின் குறுக்கே போட்டு, ரிலே விழுகிறதா என்று நிஜமாகவே பார்த்து, அளந்த வோல்டேஜைக் கார்டில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பெட்டியைப் பூட்டுவோம். நேற்று சரியாக இருந்தது என்பது எங்கள் இலாகாவில் செல்லாது. நண்பர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "இங்கேயும் அதேதான் சார். உங்களுக்கு ஷண்ட், எங்களுக்கு சீசியம்" என்றார்.

உப்பலுக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் அவருக்குச் செல்வாக்கு உண்டு. அங்கிருந்த காமா ஸ்பெக்ட்ரோமீட்டரில், மாணவர்களுக்கு விடை சரியாக வருவதில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். என்னையும் அழைத்துப் போனார். மாணவர்களின் ரெக்கார்டு நோட்டில் எல்லோருமே 750 வோல்ட் என்று எழுதியிருந்தார்கள். பழைய குழாய்க்கு யாரோ ஒரு காலத்தில் கண்டுபிடித்த எண் அது. குழாயை மாற்றிவிட்டார்கள், எண்ணை மாற்றவில்லை. ஒரே கம்பெனி, ஒரே மாடல் என்றாலும் இரண்டு குழாய்கள் ஒரே வோல்ட்டுக்கு ஒரே பெருக்கம் தருவதில்லை.

அவர் வேலையைத் தொடங்கிய விதமே பார்க்க நன்றாக இருந்தது. மெயின்ஸ் அணைத்திருக்கும்போதே கேபிள்களைச் சோதித்தார். ஹெச்.வி. பிளஸ்ஸா மைனஸ்ஸா என்று குழாயின் தாளைப் பார்த்து உறுதி செய்துகொண்டார். பிறகு ஒளிக் கசிவு. ஹெச்.வி. இருக்கும்போது குழாய்க்குள் அறை வெளிச்சம் புகுந்தால், படி இறங்குவது ஒன்றிரண்டு எலெக்ட்ரானாக இல்லாமல் பெருவெள்ளமாகிவிடும். குழாய் அத்தோடு பாழ். ஹெச்.வி. இல்லாதபோதும்கூட வெளிச்சத்தில் கிடந்த குழாய், இருட்டில் வைத்துச் சில மணி நேரம் கழித்தே அமைதியாகும். மூட்டுகளில் எல்லாம் கருப்பு டேப்பைச் சுற்றி, குறைந்த வோல்டேஜில் அறை விளக்கைப் போட்டும் அணைத்தும் எண்ணிக்கை மாறுகிறதா என்று பார்த்தார். மாறவில்லை. அரை மணி நேரம் கருவியைச் சூடாக விட்டார். நாங்கள் கேன்டீனில் டீ குடித்துவிட்டு வந்தோம். இந்த அரை மணியைத் தாண்டிக் குதிக்கிறவர்கள்தான் அதிகம் என்று புலம்பினார்.

அதற்குப் பிறகு ஐம்பது ஐம்பது வோல்ட்டாக ஏற்றினோம். ஒவ்வொரு படியிலும் இரண்டு முறை எண்ண வேண்டும். சீசியம் பொத்தானை எதிரே வைத்து ஒரு நிமிடம், எடுத்துவிட்டு ஒரு நிமிடம். 550-ல் ஒன்றுமே இல்லை. 650-ல் உயிர் வந்தது. அதன் பிறகு வேகமாக ஏறிய எண்ணிக்கை, 750-ஐத் தாண்டியதும் நிதானித்தது. மேலும் சுமார் நூறு வோல்ட் ஏற்றியும் பெரிய மாற்றமில்லை. 900-ஐத் தாண்டியதும் மீண்டும் குதித்தது. ஆனால் இந்த முறை சீசியத்தை எடுத்தாலும் எண்ணிக்கை அவ்வளவாகக் குறையவில்லை. அதாவது இப்போது எண்ணுவது குழாயின் சொந்தப் புலம்பலை. நடுவில் சமமாக இருக்கும் இடத்தைப் பீடபூமி என்பார்கள். நாம் குடியிருக்கும் தக்காணம் போலத்தான். அதன் நடுவில் உட்கார்ந்தால், மின்சாரம் கொஞ்சம் இப்படி அப்படி ஆனாலும் எண்ணிக்கை ஆடாது. மாணவர்களின் 750 பீடபூமியின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தது. கோடை மதியத்தில் அறை சூடேறும்போது விடை கெட்டுப்போனதில் ஆச்சரியமில்லை. வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் குழாயின் பெருக்கம் அரை சதவீதத்துக்கும் குறைவாகத்தான் மாறும். ஆனால் காலைக்கும் மதியத்துக்கும் பத்து டிகிரி வித்தியாசம் வருகிற ஊர் இது.

வெறுமனே எண்ணுவதற்கு இது போதும். எந்தத் தனிமம் என்று கண்டுபிடிக்க வேண்டுமானால் இன்னொரு படி உண்டு. சீசியம்-137 தரும் காமா கதிரின் ஆற்றல் 662 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். இது இயற்கை விதித்தது, யாரும் மாற்ற முடியாது. திரையில் சீசியத்தின் சிகரம் 662-ல் வந்து நிற்கும் வரை ஹெச்.வி.யை மெல்லத் திருப்ப வேண்டும். பிறகு கோபால்ட்-60 வைத்து அதன் 1173-ம் 1332-ம் தத்தம் இடத்தில் நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒரு சதவீத வோல்ட் கூடியிருந்தால் 662 சிகரம் 708-ல் போய் நிற்கும். அதைப் படிக்கிறவர் வேறு ஏதோ தனிமம் என்று எழுதிவிடுவார். எங்களுக்கு 810-க்குப் பக்கத்தில் சரியாக வந்தது. தேதி, நேரம், அறை வெப்பம், வோல்ட், சிகரத்தின் இடம், அகலம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதி, அதன் நகலைக் கருவியின் மேல் ஒட்டினார்.

அந்தக் கருவியில் கிரானைட் துண்டு ஒன்றை வைத்துப் பார்த்தோம். 1461-ல் சிறு சிகரம் தெரிந்தது. பொட்டாசியம்-40. கல்லை எடுத்துவிட்டால் சிகரம் குட்டையானதே தவிர மறையவில்லை. சுவரிலும் தரையிலும் அதே பொட்டாசியம் இருக்கிறதே. உப்பலைச் சுற்றி நாம் பார்க்கும் பாறைகள் எல்லாமே சுமார் 250 கோடி ஆண்டு வயதான கிரானைட். அதன் இளஞ்சிவப்பு நிறமே பொட்டாசியம் உள்ள கனிமத்தால் வருவதுதான். வானிலிருந்து கனிமம் தேடும் விமானங்களில் உள்ள காமா கருவிகள், பறக்கும்போது ஹெச்.வி. நழுவுகிறதா என்று சரிபார்க்க, பாறையிலிருந்து வரும் இந்தச் சிகரத்தையே அளவுகோலாக உபயோகிப்பதுண்டு. இன்னும் சொல்லப் போனால், எழுபது கிலோ எடையுள்ள மனித உடம்பில் இருக்கும் பொட்டாசியத்தில் ஒவ்வொரு விநாடியும் நாலாயிரத்துக்கு மேற்பட்ட அணுக்கள் சிதைகின்றன. சமையலறை மேடையால் குழந்தைக்குக் கேடு வரும் என்று பயப்பட வேண்டியதில்லை.

அந்த விற்பனைப் பிரதிநிதி தகட்டுக்கு அட்வான்ஸ் வாங்க மறுபடி வந்தபோது நாங்களும் போயிருந்தோம். நண்பர் கோபப்படவில்லை. "தம்பி, இதைக் கொஞ்சம் ஹாலில் சோபா மேல் பிடியேன்" என்றார். அதே எண். மொட்டை மாடியில், அதே எண். தெருவில் வேப்பமரத்தடியிலும் அதேதான். கல்லின் பக்கத்தில் மட்டும் பிடித்துக் காட்டினால் எல்லாப் பழியும் கல்லுக்குப் போகும். மீட்டருக்குள் ஹெச்.வி. வெகுவாக ஏறியிருக்க வேண்டும், அல்லது எங்கோ வெளிச்சம் கசிய வேண்டும் என்று நண்பர் விளக்கினார். வோல்டேஜ் யார் வைத்தது என்றதற்கு, கம்பெனியில் வைத்துக் கொடுத்தது என்று பதில். எழுதிய தாள் உண்டா என்றதற்குப் பதில் இல்லை. அம்மாள் வந்தவர்களுக்கெல்லாம் காபி கொடுத்தார், அந்தத் தம்பிக்கும் சேர்த்துத்தான்.

ஒரு குழாய்க்கே இந்தப் பாடு என்றால், நூற்றுக்கணக்கில் இருந்தால்? அதற்கு நம்மவர்களுக்குத் தெரிந்த ஊர்களிலேயே உதாரணம் இருக்கிறது. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த கோலார் தங்க வயலில், பூமிக்கு அடியில் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து 1965-ல் நியூட்ரினோவைத் தேடினார்கள். காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவை உலகில் முதலில் கண்டவர்களில் அவர்கள் இருக்கிறார்கள். அதே ஆண்டு தென்னாப்பிரிக்காவில் இன்னொரு தங்கச் சுரங்கத்திலும் கண்டார்கள். அங்கே மாதக்கணக்கில் காத்திருந்தால் விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் நிஜத் துடிப்பு வரும். குழாய்களின் பொய்த் துடிப்போ ஓயாமல் வந்துகொண்டிருக்கும். ஹெச்.வி.யை மட்டும் சரியாக வைத்து இதைச் சமாளிக்க முடியாது. பல குழாய்கள் ஒரே கணத்தில் துடித்தால் மட்டுமே கணக்கில் சேர்ப்பது என்று வைத்துக்கொண்டார்கள். ஒரு குழாயின் புலம்பலும் மற்றொன்றின் புலம்பலும் ஒரே கணத்தில் சேருவது அபூர்வம். சுரங்கம் 2001-ல் மூடப்பட்டுவிட்டது.

அந்த நிலையத்தாரின் கிரேப்ஸ்-3 என்ற ஆய்வு ஊட்டியில் இன்றும் நடக்கிறது. சுமார் 2200 மீட்டர் உயரத்தில் ஏறக்குறைய நானூறு பெட்டிகள் எட்டு மீட்டர் இடைவெளியில் பரவியிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு சதுர மீட்டர் பிளாஸ்டிக் சிண்டிலேட்டரும் போட்டோமல்டிப்ளையரும். இவற்றுக்குச் சீசியம் பொத்தான் தேவையில்லை. வானிலிருந்து மியூவான் என்ற துகள் மழை போல் பெய்துகொண்டே இருக்கிறது. நீங்கள் இதைப் படிக்கும்போதே உங்கள் உள்ளங்கை வழியாக விநாடிக்கு ஒன்று வீதம் போய்க்கொண்டிருக்கும். ஒரு மியூவான் தரும் துடிப்பை அளவுகோலாக வைத்து ஒவ்வொரு பெட்டியையும் சரிபார்க்கலாம். பணம் கொடுத்து வாங்க வேண்டாத அளவுகோல்.

நம் பக்கத்துக்குத் திரும்பினால், லடாக்கில் ஹான்லே என்ற இடத்தில், ஏறக்குறைய 4300 மீட்டர் உயரத்தில், மேஸ் என்ற காமா கதிர்த் தொலைநோக்கி 2024 அக்டோபர் 4-ந் தேதி திறந்து வைக்கப்பட்டது. பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்காக அதைச் செய்து கொடுத்தது நம் இ.சி.ஐ.எல். ஆடியின் விட்டம் 21 மீட்டர். அதன் கேமராவில் 1088 போட்டோமல்டிப்ளையர்கள். காமா கதிர் வான்மண்டலத்தில் மோதும்போது விநாடியின் நூறு கோடியில் சில பங்கு நேரமே இருக்கும் நீல ஒளியைப் படம் பிடிப்பது அதன் வேலை. படத்தின் வடிவத்தை வைத்துத்தான் வந்தது காமா கதிரா, வெறும் புரோட்டானா என்று பிரிக்கிறார்கள். ஒரு குழாய் அதிகமாகவும் பக்கத்துக் குழாய் குறைவாகவும் பேசினால் வடிவம் கெட்டுவிடும். ஆகவே இத்தகைய தொலைநோக்கிகளில் ஒரே அளவு ஒளித் துடிப்பை எல்லாக் குழாய்களின் மேலும் ஒரே நேரத்தில் பாய்ச்சி, எல்லாம் ஒரே மாதிரி பதில் சொல்லும்படி ஒவ்வொன்றின் வோல்டேஜையும் தனித்தனியாகத் திருத்துவார்கள். பிரகாசமான நட்சத்திரம் ஒன்று ஒரு குழாயின் மேல் விழுந்தால் அதைத் தணிக்கவும் வேண்டும். நூறு டிராக் சர்க்யூட்டைப் பராமரித்தவன் என்ற முறையில் அந்த 1088-ஐ நினைத்தால் எனக்கு மரியாதைதான் வருகிறது.

இவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால், நம் வயதுக்காரர்களுக்குப் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. தைராய்டு, எலும்பு, இதயம் இவற்றுக்கு எடுக்கும் அணு மருத்துவ ஸ்கேனில் உள்ள காமா கேமரா. அகலமான சோடியம் அயோடைடு பலகை ஒன்றின் பின்னால் ஐம்பதுக்கும் மேற்பட்ட குழாய்கள் தேன்கூடு போல அடுக்கப்பட்டிருக்கும். அதில் ஒன்றின் பெருக்கம் நழுவினால் படத்தில் அந்த இடம் மங்கலாகத் தெரியும். நிஜமான கட்டியும் சில சமயம் அப்படித்தான் தெரியும். அதனால்தான் முதல் நோயாளியைப் படுக்க வைப்பதற்கு முன், கோபால்ட்-57 பரவிய ஒரு தகட்டைக் கேமராவின் எதிரே வைத்து, படம் முழுவதும் ஒரே சீராக வருகிறதா என்று தினமும் காலையில் பார்க்க வேண்டும் என்பது முறை. வராவிட்டால் குழாய்களைத் திருத்திவிட்டு மறுபடி பார்ப்பார்கள். காலை எட்டு மணிக்கு வரச் சொல்லிவிட்டு எட்டரை வரை கதவைத் திறக்காமல் இருந்தால், உள்ளே அந்த வேலை நடந்துகொண்டிருக்கலாம்.